தெருவிளக்குக்கும் ஒரு கணக்கு உண்டு... பி.காம் படிச்சவங்க கவனிக்க!

பி.காம் கடைசி வருஷம் படிக்கும் என் சித்தப்பா பொண்ணு, போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். "அக்கா, கணக்கு படிச்சா பேங்க், ஆடிட்டர் ஆபீஸ், ஐ.டி கம்பெனி... இவ்வளவுதானா?"

"உங்க வீட்டு சொத்து வரி ரசீதை போட்டோ எடுத்து அனுப்பு" என்றேன். கோபமான எமோஜி ஒன்று வந்தது. ஆனால், நான் சொல்ல வந்த வேலை அந்த ரசீதில்தான் ஆரம்பிக்கிறது.

சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஊரில் இருக்கும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் நகராட்சி ஒரு தொகையை எழுதி வைத்துக் கேட்கும். அதற்குக் கேட்பு என்று பெயர். வந்து சேர்ந்தது வசூல், வராதது நிலுவை. நகராட்சிக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தால் காலையில் முதலில் காதில் விழுவது இந்த மூன்று வார்த்தைகள்தான். தமிழ்நாட்டு நகராட்சிகள் 2000-களின் தொடக்கத்திலேயே அக்ரூவல் அடிப்படையிலான இரட்டைப் பதிவு முறைக்கு மாறிவிட்டன. அதாவது, பணம் கைக்கு வராவிட்டாலும் கேட்பு எழுப்பியதுமே அது வருமானமாகப் பதிவாகும். பி.காம் முதல் வருஷத்தில் மனப்பாடம் செய்து மறந்த அதே பாடம்!

காகிதத்தில் இருக்கும் வருமானத்தை நம்பி செலவுத் திட்டம் போட்டால், தூய்மைப் பணியாளர் சம்பளத்துக்கும் குடிநீர் மோட்டாரின் கரன்ட் பில்லுக்கும் கையைப் பிசைய வேண்டியதுதான். நிலுவையில் எவ்வளவு நிஜமாகவே வரும், எவ்வளவு வராது என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்தவர்தான் அந்த அலுவலகத்தில் முக்கியமான ஆள். (இடையில் ஒரு தகவல்: அரையாண்டின் முதல் 30 நாள்களுக்குள் கட்டினால் 5% ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். எங்கள் வீட்டிலேயே இது தெரியாமல் பல வருஷம் கட்டியிருக்கிறோம்.)

கிராம ஊராட்சியில் கதை வேறு மாதிரி. எங்கள் ஊரில் ஒரு அக்டோபர் 2 கிராம சபைக்குப் போயிருந்தேன். வரவு செலவை வேகமாக வாசித்து முடித்தார்கள். ஒரு தாத்தா எழுந்து, "இவ்ளோ பணம் இருக்குன்னு வாசிக்கிறீங்க, அப்புறம் ரோடு ஏன் போடல?" என்றார். "அது வேற கணக்குப்பா" என்று பதில் வந்தது. தாத்தாவுக்குப் புரியவில்லை. அன்றைக்கு எனக்கும் புரியவில்லை.

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். 2021 முதல் 2026 வரைக்கான 15-வது நிதிக்குழு மானியத்தில், ஊரக உள்ளாட்சிகளுக்கு வரும் தொகையில் 60% குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான். மீதி 40% ஊரின் தேவைக்கு. ஆனால், அதிலும் சம்பளம், அலுவலகச் செலவுக்குத் தொடக்கூடாது. ஆக, வங்கிக் கணக்கில் பணம் இருக்கும். ஆனால், அந்த 60% பங்கை ரோட்டுக்கு எடுக்க முடியாது. இதைத் தாத்தாவுக்கு 2 நிமிடத்தில் விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை என்பதுதான், 'எல்லாத்தையும் சாப்பிட்டுட்டாங்க' என்ற பேச்சு டீக்கடையில் ஓடுவதற்கு ஒரு காரணம். சில ஊர்களில் நிஜமாகவே சாப்பிட்டிருப்பார்கள், அது வேறு. ஆனால், கணக்கு புரியாத ஊரில் இரண்டுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்?

அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதற்கென்றே மாநில நிதித்துறையின் கீழ் ஒரு துறை இருக்கிறது, உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை. ஒரு செலவுக்கு ரசீது இல்லை, ஒப்புதல் இல்லை, இந்தத் தலைப்பில் செலவழிக்க அனுமதியே இல்லை என்றால் தணிக்கைத் தடை எழுதுவார்கள். பதில் தராத தடைகள் வருஷக்கணக்கில் சேர்ந்து கிடக்கும் அலுவலகங்களும் உண்டு. இந்தத் துறையின் உதவி ஆய்வாளர் பணி டி.என்.பி.எஸ்.சி குரூப் 2, 2ஏ தேர்வு வழியாக வருகிறது. சி.ஏ, சி.எம்.ஏ முடித்தவர்களுக்குக் கருவூலக் கணக்குத்துறையில் கணக்கு அலுவலர் பதவிக்குத் தேர்வு இருக்கிறது. அரசு வேலைதான் வேண்டும் என்றில்லை, நகராட்சிகளின் ஆண்டுக் கணக்கைத் தயாரித்துக் கொடுக்கும் ஆடிட்டர் அலுவலகங்களும் இருக்கின்றன.

இனி இந்த வேலைக்கு மவுசு கூடும் என்று நான் நினைப்பதற்குக் காரணம், கடன் பத்திரங்கள். மதுரை மாநகராட்சி 2001-லேயே உள்வட்டச் சாலைக்காக 30 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டது. சென்னை மாநகராட்சி 2025-ல் 200 கோடிக்கு வெளியிட்டது. கடன் கொடுப்பவர் முதலில் கேட்பது தணிக்கை முடிந்த கணக்கையும் தரமதிப்பீட்டையும்தான். கணக்கு சரியில்லாத ஊருக்கு யார் பணம் தருவார்?

சுகமான வேலை என்று சொல்ல மாட்டேன். இடமாறுதல் உண்டு. ஐ.டி சம்பளத்தோடு ஒப்பிட்டால் ஆரம்பத்தில் மனசு வலிக்கும். "இந்த பில்லை மட்டும் பாஸ் பண்ணிடுங்க சார்" என்று தோளில் கை போடுபவர்களிடம், சிரித்துக்கொண்டே 'முடியாது' என்று சொல்லத் தெரிய வேண்டும். பின்னால் தணிக்கையில் கேள்வி வந்தால், தோளில் கை போட்டவர் வர மாட்டார். கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் வாய்ஸ் நோட்டாக அனுப்பினேன். 2 மணி நேரம் பதிலே இல்லை. அப்புறம், ஆன்லைனில் வரி விவரம் பார்த்த ஸ்கிரீன்ஷாட்டோடு ஒரு மெசேஜ்.

"அக்கா, எங்க வீட்டுக்கே 2 அரையாண்டு நிலுவை காட்டுது. அப்பாகிட்ட நீயே சொல்லிடு, ப்ளீஸ்!"