எண் மட்டும் சாட்சியாகுமா?

இறந்தவர் பொய் சொல்லார் என்பர். ஆனால் இறந்தவரின் இரத்தம் நம்மை ஏமாற்றக்கூடும் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

உயிருள்ளவரை இதயத் தசை, நுரையீரல், கல்லீரல் ஆகியவை பல மருந்துகளைத் தம்முள் தேக்கி வைத்திருக்கின்றன. உயிர் பிரிந்ததும் உயிரணுக்கள் சிதைகின்றன. தேங்கியிருந்த மருந்து அருகிலுள்ள இரத்தத்தில் கசிகிறது. இதய நோய்க்குத் தரும் டிகாக்சினை முறையான அளவில் உட்கொண்டவரின் இதயத்து இரத்தமும், இறந்தபின் நஞ்சின் அளவைக் காட்டக்கூடும். தொடைச் சிரையில் எடுத்த இரத்தத்தில் இந்த ஏற்றம் பெரும்பாலும் குறைவு.

1981இல் கனடாவின் டொராண்டோ நகரில், இறந்த குழந்தைகளிடம் காணப்பட்ட டிகாக்சின் அளவுகளையும் சான்றாகக் கொண்டு, செவிலியர் ஒருவர்மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. 1982இல், போதிய சான்றில்லை என்று நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்த அளவுகளுக்கு என்ன பொருள் என்ற வாதமோ பின்னரும் நீண்டது.

அப்படியானால் ஆய்வே வீண் என்பதா? அன்று. உடலின் எந்த இடத்து இரத்தம், இறந்து எத்தனை மணி கழித்து எடுத்தது, வாழ்ந்தபோது உண்ட மருந்து யாது என்பன அறிக்கையில் இருக்க வேண்டும். இவையின்றி, வெறும் எண்ணை நம்பி ஒருவரைக் குற்றவாளியாக்குவது அறிவியலும் ஆகாது, நீதியும் ஆகாது.