பந்தியில் அமரட்டும் நம் பிள்ளைகள்

அரசுப் பள்ளியில் தம் பிள்ளை பகலுணவு உண்பது குடும்பத்துக்கு இழுக்கு என்னும் எண்ணம் அல்சூர்வாழ் தமிழ் இல்லங்கள் சிலவற்றில் இன்றும் நிலவுகிறது. வேலைக்கு விரையும் பெற்றோர், பிஸ்கோத்துப் பொட்டலம் ஒன்றைக் கையில் கொடுத்துப் பிள்ளையை அனுப்பிவிடுகின்றனர். இத்தயக்கம் வேண்டா என்பதே நம் கருத்து.

தமிழகத்தில் 1956இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கியது, பசித்த வயிற்றில் கல்வி ஏறாது என்பதால் அன்றோ? கருநாடகத்தில் 2002இல் தொடங்கிய திட்டத்தின் பெயர் ‘அட்சர தாசோகம்’. தாசோகம் என்பது பசவண்ணர் நெறியினர் அன்னமிடும் தொண்டினைக் குறிக்கப் போற்றிவரும் சொல். 2013இல் பாலும் வழங்கத் தொடங்கினர். 2024இல் முட்டை வாரம் ஆறு நாளாக விரிந்தது. முட்டை உண்ணாதார்க்கு வாழைப்பழம் உண்டு. வளரும் உடலுக்கு வேண்டிய புரதத்தைப் பிஸ்கோத்து ஈடுசெய்யுமா?

இவ்வுணவு பிச்சையன்று. 2013ஆம் ஆண்டுத் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அளித்த உரிமை. உண்பவரின் தாய்மொழி யாது என அச்சட்டம் வினவுவதில்லை.

தாய்மார்களே, ஒருநாள் பள்ளிக்குச் சென்று உணவினை நேரிற் காணுங்கள். குறை தென்படின் பள்ளி வளர்ச்சி மேற்பார்வைக் குழுவிலுள்ள பெற்றோரிடம் எடுத்துரையுங்கள். கன்னடம் சரளமாக வாராதே என ஒதுங்க வேண்டா. ஒரே பந்தியில் அமரும் பிள்ளைகள் அம்மொழியையும் நட்பையும் தாமே பெற்றுவருவர்.