ஊக்கமும் காலூன்ற ஒரு நிலமும்

நல்லாசிரியனுக்கு நிலத்தை உவமையாகக் கூறினார் நன்னூலார். பாரத்தைப் பொறுப்பதும், உழுவோனின் முயற்சிக்கேற்பப் பயன் தருவதும் நிலத்தின் இயல்பு. இவ்வுவமைக்கு வாழும் சான்றாக விளங்கிய ஆசிரியர் ஒருவரின் பணியைச் சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் இன்றும் காணலாம். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கரே அவ்வாசிரியர்.

1911-இல் பிறந்த பணிக்கர் தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர். 1936-இல் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்த அவர், 1957-இல் அந்நிறுவனத்தின் முதல்வரானார். தம் மாணவர்கள் மேனாட்டாரைப் பின்பற்றி வரையாமல், தமக்கென ஒரு நெறியைக் காண வேண்டும் என விழைந்தார். ஆயினும் புதுநெறியில் வரைந்த ஓவியங்களை வாங்குவோர் அந்நாளில் மிகச் சிலரே. படிப்பு முடிந்ததும் வயிற்றுப்பாட்டுக்காகத் தூரிகையைக் கீழே வைத்த இளைஞர்கள் பலர்.

‘துணிந்து செல்’ என வாழ்த்தி அனுப்புதல் எளிது. துணிந்தவன் எதை உண்பான் என்று எண்ணிப் பார்த்ததே பணிக்கரின் பெருமை. ஓவியர்கள் நாளில் சிறிது நேரம் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை வடிவமைத்து விற்பது; எஞ்சிய பொழுதில் சந்தையின் விருப்பத்துக்கு அஞ்சாமல் தம் கலையை வளர்ப்பது. இதுவே அவர் வகுத்த வழி. அவ்வாறு சேர்ந்த பொருளைக் கொண்டு அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினர். 1966-இல் கிராமம் தோன்றியது. 1967-இல் ஓய்வு பெற்ற பணிக்கர் 1977-இல் மறையும் வரை அவ்விளைஞர்களுக்கு உறுதுணையாக நின்றார்.

அவர்களுள் கே. இராமானுஜம் என்பவரை இங்கு நினைவுகூர்தல் தகும். பேச்சுத் தடையுடைய அவரைப் பலரும் ஒதுக்கினர். பணிக்கரோ அவருடைய கனவுலகக் கோடுகளைத் திருத்த முற்படாமல், அவற்றை அவர் போக்கிலேயே வளரவிட்டார். முப்பது வயதைச் சற்றே கடந்த நிலையில் 1973-இல் இராமானுஜம் மறைந்தார். எனினும் அவருடைய கோட்டோவியங்கள் இன்றும் போற்றப்படுகின்றன.

இதனை இம்மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. செங்கல்பட்டையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் சேர்ந்த நம் மாணவருள் வரையும் கையும் வடிவமைக்கும் கண்ணும் உடையோர் ஆண்டுதோறும் வருகின்றனர். “இது சோறு போடுமா?” என்று பெற்றோர் கேட்கின்றனர். அக்கேள்வியை நாம் இகழலாகாது. பணிக்கரும் அதனையே முதலில் எதிர்கொண்டார். ஆனால், அதற்கு விடை தேடும் கடமையை இருபது வயது இளைஞன் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நாம் விலகி நிற்பது முறையன்று.

தோல் பொருளும் துணியும் அறைகலனும் விற்கும் வணிகர்கள் நம் சமுதாயத்தில் பலர். அச்சகம் நடத்துவோரும் உளர். அப்பெரியோர்கள் கல்விக்கு ஈந்த கொடை பெரிது. அதனோடு மற்றொன்றையும் வேண்டுகிறேன். ஆண்டுக்கு ஒரு மாணவருக்கேனும் ஒரு காலணியையோ, ஒரு துணிக்கரையையோ, ஒரு மண அழைப்பிதழையோ புதிதாக வடிவமைக்கும் பணியைத் தாருங்கள். உரிய ஊதியமும் தாருங்கள். முதல் வடிவம் விலைபோகாவிடின் இரண்டாவதற்கும் வாய்ப்பளியுங்கள். முதல் முயற்சி தவறும்போது உடன் நிற்பவரே வழிகாட்டி என்னும் பெயருக்கு உரியவர்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கும் ஒரு சொல். பணிக்கரின் மாணவர்கள் கைத்தொழிலை இழிவாகக் கருதவில்லை. பிழைப்புக்கு ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு, அதன் துணையால் உங்கள் கனவைக் காத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் நிலமாக நிற்க முயல்வோம், உழவேண்டியவர்கள் நீங்களே.