ஏட்டுச் சுரைக்காயா?

"கலைப் படிப்பா? அது சோறு போடுமா?" என்று கேட்கிறார்கள். "வரலாற்று ஆராய்ச்சியா? மாண்ட மன்னர்களைத் தோண்டி எடுத்து என்ன காணப் போகிறாய்?" என்று நகைக்கிறார்கள். மொழியாராய்ச்சி வீண் வேலையாம். சட்ட ஆராய்ச்சி வழக்குக் கிடைக்காத வக்கீலின் பொழுதுபோக்காம். பயன் தரும் அறிவு பொறியிலும் மருந்திலும் மட்டுமே உண்டாம். இப்படி ஒரு புதிய வேதம் நாட்டில் ஓதப்படுகிறது. மாணவருக்குப் பாடம் சொல்லும் நம் போன்றார் செவியில் அது நாள்தோறும் விழுகிறது. வாதம் வற்றியதும் ஒரு பழமொழியை வீசி முடித்துக்கொள்வார்கள்: "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது!"

உதவாதா? பொறுங்கள், பார்ப்போம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது மெய்யானால், ஏட்டிலே கிடந்த மனு எப்படி நம் வீட்டு வாசலுக்கு வந்தான்? கணவனை இழந்த பெண்ணுக்குச் சொத்தில் பங்கு உண்டா, தத்து எடுக்க உரிமை உண்டா, எந்தத் திருமணம் திருமணம், எந்தப் பிள்ளை வாரிசு என்றெல்லாம் நீதிமன்றத்தில் முடிவு கட்டியது எது? துப்பாக்கியா? இல்லை. ஏடு! ஏட்டைப் படித்தவன், பெயர்த்தவன், தொகுத்தவன், பொருள் சொன்னவன். நாம் வீண் வேலை என்று ஒதுக்குகிறோமே, அதே வேலை!

கதையைக் கேளுங்கள். 1772இல் வங்காளத்தில் வாரன் ஹேஸ்டிங்ஸ் ஒரு திட்டம் வகுத்தார். வாரிசுரிமை, திருமணம், சாதி ஆகியவை பற்றிய வழக்குகளில் இசுலாமியருக்குக் குர்ஆன்படியும், இந்துக்களுக்குச் சாத்திரப்படியும் நீதி வழங்க வேண்டும் என்பது அதன் விதி. சாத்திரம் எது? அதைச் சொல்லத் தகுந்தவர் யார்? 11 பண்டிதர்கள் அழைக்கப்பட்டனர். அவர்கள் வடமொழியில் தொகுத்தார்கள். தொகுத்தது பாரசீகத்துக்குப் பெயர்ந்தது. பாரசீகத்திலிருந்து ஹால்ஹெட் ஆங்கிலத்துக்குப் பெயர்க்க, 1776இல் அது அச்சேறியது. 1794இல் வில்லியம் ஜோன்ஸ் செய்த மனுநூல் மொழிபெயர்ப்பும் வெளிவந்தது. உழுதவனைக் கேட்டார்களா? நெய்தவனைக் கேட்டார்களா? கூலிக்குக் களை எடுத்த தாயைக் கேட்டார்களா? இல்லை. இலக்கணம் தெரிந்தவர்களும் அகராதி புரட்டியவர்களும் கூடி உட்கார்ந்தார்கள். கோடிக்கணக்கான மக்களுக்குச் சட்டம் பிறந்தது!

ஆள வந்தவனுக்குக் கலைத்துறை ஆராய்ச்சியின் வலிமை தெரிந்திருந்தது. ஆளப்பட்டவர்களிடந்தான் அது வீண் என்று சொல்லப்படுகிறது. இந்த வேடிக்கையை இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

இனிச் சென்னைக்கு வருவோம். இங்கே சாத்திரம் சட்டமானபோது, "இது இம்மக்களின் சட்டந்தானா?" என்ற கேள்வியை எழுப்பியவர் யார்? நெல்சன் என்னும் ஆங்கில அதிகாரி. அவர் நம் உறவினர் அல்லர், ஆட்சியாளரின் ஆள். ஆயினும் மதுரை நாட்டின் வரலாற்றையும் மக்கள் வழக்கங்களையும் ஆராய்ந்து 1868இல் ஒரு பெருநூல் எழுதியவர். அந்த அறிவோடு நீதிமன்றத் தீர்ப்புகளைப் படித்தார், திடுக்கிட்டார். 1877இல் சென்னை உயர் நீதிமன்றம் நடத்திவரும் இந்துச் சட்டத்தைப் பற்றி ஒரு நூல் எழுதி, அடிப்படையையே அசைத்தார். இம்மாகாணத்தின் பெருந்திரளான மக்கள் அறிந்தும் இராத, கேட்டும் இராத வடமொழி நூல்களை அவர்கள் தலையில் சட்டமாகச் சுமத்துவது என்ன நியாயம் என்பதே அவர் வாதம். உயர் நீதிமன்ற நீதிபதி இன்னெஸ் 1882இல் மறுப்பு நூலே எழுத வேண்டியதாயிற்று.

எண்ணிப் பாருங்கள். நெல்சன் வெறும் வக்கீலாக இருந்திருந்தால் இந்தக் கேள்வி பிறந்திருக்குமா? தீர்ப்பில் மேற்கோள் சரியா, பக்க எண் சரியா என்று பார்த்துவிட்டுத் தூங்கியிருப்பார். வெறும் வரலாற்றாசிரியராக இருந்திருந்தால்? வழக்கங்களைக் குறித்து வைத்துவிட்டு, நீதிமன்றத்தின் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்க மாட்டார். வரலாறு சட்டத்தைச் சந்தித்தது. அங்கேதான் பொய் சிக்கியது!

பொய் மிகக் கெட்டிக்காரன், தோழர்களே! மொழியறிஞன் வந்தால், "நான் சட்டம், உனக்கு என்னைத் தெரியாது" என்பான். சட்டம் படித்தவன் வந்தால், "நான் பழைய மொழி, உனக்கு என்னைப் புரியாது" என்பான். வரலாறு படித்தவன் வந்தால், "நான் புனித நூல், என்னைத் தொடாதே" என்பான். துறைக்கும் துறைக்கும் இடையிலுள்ள இருட்டுத்தான் அவன் குடியிருப்பு. ஆகவேதான் கேட்கிறோம்: கலைத்துறை ஆராய்ச்சி அகன்றதாக இருக்க வேண்டும். அகலம் என்பது அழகுக்கு அன்று. அந்த இருட்டில் விளக்கேற்றுவதற்கு.

இருட்டு எப்படி வேலை செய்தது என்பதற்கும் சான்று உண்டு. இராமநாதபுரம் சேதுபதி சமீனில், கணவனின் அனுமதி பெறாத கைம்பெண் தத்து எடுத்தது செல்லுமா என்ற வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. 1868இல் தீர்ப்பு வந்தது. தத்து செல்லும் என்றார்கள். வழக்கம் தெளிவாக மெய்ப்பிக்கப்பட்டால் அது எழுதிய சாத்திரத்தையும் வெல்லும் என்றும் சொன்னார்கள். கேட்க இனிக்கிறது அல்லவா? ஆனால் 1872இல் தென்னாட்டு வழக்கு ஒன்றில் அதே மன்றம் நிபந்தனையை விரித்தது: வழக்கம் பழமையானதாக இருக்க வேண்டும், மாறாததாக இருக்க வேண்டும், ஐயத்துக்கு இடமில்லாத சான்று வேண்டும். சாத்திரத்துக்குச் சான்று வேண்டியதில்லை. ஏட்டில் இருந்தால் போதும். மக்கள் வாழ்ந்த வாழ்வுக்குத்தான் சான்று வேண்டும்! எழுதப் படிக்க விடாமல் வைத்திருந்த மக்களிடம், "எழுத்துச் சான்று எங்கே?" என்று கேட்டால் எங்கே போவார்கள்?

இந்த விதியின் கூர்முனை நம் காலத்துக்கு அருகிலும் பாய்ந்தது. புரோகிதர் இன்றி, புரியாத மந்திரம் இன்றி, மாலை மாற்றி மணந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய சுயமரியாதைத் திருமணம் ஒன்று சட்டப்படி செல்லாது என்றது. காரணம் என்ன? சாத்திரச் சடங்கு இல்லை. வழக்கம் என்று ஏற்கவோ பழமை இல்லை. பார்த்தீர்களா பொறியை! பழையது பழமையால் செல்லும். புதியது புதுமையால் செல்லாது. அப்படியானால் அறிவு என்றைக்குத்தான் சட்டமாவது? நேற்றுத் திருந்தியவன் நூறாண்டு காத்திருந்து, பேரன் காலத்தில் மணமகன் ஆக வேண்டுமா?

அந்த முடிச்சை அறுத்தது 1967ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ என்னும் பிரிவு சேர்ந்தது. உற்றார், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், தங்களுக்குப் புரியும் மொழியில், ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றினாலும் போதும். தாலி கட்டினாலும் போதும். முன்னரே நடந்த திருமணங்களையும் அது காத்தது. 2023இல் உச்ச நீதிமன்றம், இப்பிரிவின்படி மணப்பதற்கு ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை என்றும் தெளிவாக்கியது. சாதி கடந்து மணப்பவருக்கு அந்த ஒரு வரி உயிர் காக்கும் வரி. இப்போது சொல்லுங்கள், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா, உதவாதா?

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதை அன்று. ஐரோப்பாவில் போப்பாண்டவர்கள் ஒரு பத்திரத்தைக் காட்டி நாடாளும் உரிமை கொண்டாடி வந்தனர். நான்காம் நூற்றாண்டுப் பேரரசன் கான்ஸ்டன்டைன் ரோமையும் மேலை நாடுகளையும் எழுதிக் கொடுத்தான் என்றது அப்பத்திரம். 1440இல் லொரென்சோ வல்லா என்னும் இத்தாலிய மொழியறிஞர் அதை எடுத்துப் படித்தார். படை திரட்டவில்லை, சொற்களைத்தான் எண்ணினார். கான்ஸ்டன்டைன் கால ரோமில் வழங்காத பதவிப் பெயர் அதில் இருப்பதைக் கண்டார். அந்தக் காலத்து இலத்தீன் இதுவன்று என்றார். பத்திரம் பொய்ப் பத்திரம் என்பது வெளியாயிற்று. ஒரு சொல்லாராய்ச்சி ஒரு பெரும் சட்ட உரிமையின் வேரில் விழுந்த கோடரியாயிற்று!

ஒரே மனிதரிடம் இந்த அகலத்தைக் காண வேண்டுமா? அம்பேத்கரைப் பாருங்கள். 1916இல் கொலம்பியாவில் சாதியின் தோற்றம் பற்றி மானிடவியல் கட்டுரை படித்தார். 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றிப் பொருளாதார நூல் எழுதினார். இலண்டனில் பாரிஸ்டர் ஆனார். 1927இல் மகாத்தில் மனுநூல் கொளுத்தப்பட்டது அவர் தலைமையில். அதைக் கற்றுத் தேர்ந்தே கொளுத்தினார். இருபதாண்டு கழித்து அரசியல் சட்டத்தின் வரைவுக்குழுத் தலைவரானார். மானிடவியலை ஒரு அறையிலும் சட்டத்தை மற்றோர் அறையிலும் பூட்டி வைத்திருந்தால் அந்த அரசியல் சட்டம் அதே சட்டமாக இருந்திருக்குமா?

மற்றொன்றும் சொல்ல வேண்டும். கசப்பாயினும் சொல்ல வேண்டும். ஆராய்ச்சி என்பது பகைவன் பொய்யை மட்டும் அறுக்கும் கத்தி அன்று. நம் பக்கத்துப் பெருமிதத்தையும் அது அறுக்கும். உத்தரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி, "குடவோலை கண்டான் தமிழன்! மக்களாட்சி தந்தான் தமிழன்!" என்று மேடைகளில் பலர் முழங்குகிறார்கள். கைதட்டலும் கிடைக்கிறது. பத்தாம் நூற்றாண்டுப் பராந்தகன் காலத்து அக்கல்வெட்டை வரி வரியாகப் படித்தால் என்ன தெரியும்? அது பிராமணர் ஊர்ச் சபை. பெயர் எழுதிக் குடத்தில் இட வேண்டுமானால் வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும். உழுதவன் பெயர் அந்தக் குடத்தில் இல்லை. பெண்ணின் பெயரும் இல்லை. குடவோலையின் நுட்பத்தைப் பாராட்டுவோம். அதை மக்களாட்சி என்று கூறி மயங்க மாட்டோம். மெய்யை மறைத்துப் பெறும் பெருமை, புராணம் சொல்லிப் பெறும் பெருமைக்கு எவ்வகையிலும் உயர்ந்தது அன்று.

ஆகவே இளந்தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான். பொறியியல் படியுங்கள், மருத்துவம் படியுங்கள், வேண்டாம் என்பார் எவருமில்லை. ஆனால் பாலம் கட்டுகிறவனுக்கும் மருந்து கொடுக்கிறவனுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. அவன் மணத்துக்கும் மனைக்கும் ஒரு விதி இருக்கிறது. அந்த விதியை எவன் எழுதினான், எந்த ஏட்டைப் பார்த்து எழுதினான் என்று கேட்கும் படிப்பைப் பிறரிடம் விட்டுவிடாதீர்கள். விட்டால் மீண்டும் 11 பேர் கூடி உட்காருவார்கள்!

கலை பயிலும் மாணவரே, சட்ட நூலைத் தொடுவதற்கு அஞ்சாதீர். சட்டம் பயிலும் மாணவரே, தீர்ப்பின் பின்னே நிற்கும் மொழியையும் வரலாற்றையும் தேடும். தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் 1890 முதல் அச்சாகி வருகின்றன. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய அரசு ஏடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றைத் திறக்கும் கைகள்தாம் போதவில்லை. நம் படிப்பகங்களில் நாளேட்டுக்கு அருகே ஒரு சட்டப் புத்தகமும் இருக்கட்டும். ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் வழக்கங்களைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பரண்மேல் கிடக்கும் பழம் பத்திரத்தை அடுப்பில் போடாதீர்கள். நாளை ஒருவரின் உரிமைக்கு அதுவே சான்றாகலாம்.

சுரைக்கொடி நம் கூரைமேல் படர்ந்தது உண்மை. ஆனால் அதன் வேர் ஏட்டிலே இருக்கிறது. கூரைமேல் ஏறிக் காயைப் பறித்துக்கொண்டிருந்தால் போதாது. ஏட்டைத் திறந்து வேரைத் தேட வேண்டும். தேடத் தெரிந்தவர்கள் நம்மிடையே பெருகட்டும்!