மண்ணில் இறங்கிய நஞ்சை அளந்து சொல்! இலவசப் பரிசோதனை பிச்சை அல்ல, எங்கள் உரிமை!



நமக்குக் காய்ச்சல் என்றால் ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் டாக்டர் மருந்து எழுதுகிறார். மாட்டுக்கு ஒன்று என்றால் கால்நடை மருத்துவர் பார்க்கிறார். நமக்கும் மாட்டுக்கும் சேர்த்துச் சோறு போடுகிற மண்ணுக்கு என்ன வியாதி என்று யாராவது வந்து பார்த்தார்களா? பார்த்ததாகச் சொல்வார்கள். மண்வள அட்டை என்று ஒன்றைக் கையில் கொடுத்திருப்பார்கள். அந்த அட்டையில் எது இருக்கிறது, எது இல்லை என்று சொல்லத்தான் இந்தப் பிரசுரம்.

நாம் இருப்பது எல்லாத் தண்ணீரும் வந்து சேருகிற இடம். ஈரோட்டைத் தாண்டி வருகிற காலிங்கராயன் வாய்க்காலுக்கு நாம் கடைமடை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து வருகிற நொய்யல், நமக்குக் கொஞ்சம் கீழேதான் காவிரியில் கலக்கிறது. மேலே இருப்பவன் வாய்க்காலில் விட்டதெல்லாம் கடைமடைக்காரன் காட்டில்தான் வந்து படியும். இது நமக்குப் புத்தகம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரத்துப்பாளையம் சொல்லும் கதை

சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டி முடித்தது 1992-இல். இருபதாயிரம் ஏக்கருக்குப் பாசனம் என்றார்கள். சந்தோஷப்பட்டோம். ஆனால் சில வருசத்திலேயே அணையில் நின்றது ஆற்றுத் தண்ணீர் இல்லை, சாயத்தண்ணீர். 'அணையைத் திறந்துவிடு' என்று கேட்க வேண்டிய ஆயக்கட்டு விவசாயியே 'ஐயா, தயவுசெய்து திறக்காதீங்க' என்று கும்பிட வேண்டிய நிலை வந்தது. உலகத்தில் வேறு எந்த அணைக்காவது இப்படி ஒரு கதி வந்திருக்குமா?

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2004-இல் சூழல் இழப்பு ஆணையம் 68 கிராமங்களில் 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 24 கோடியே 80 லட்சம் ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளுக்கு அபராதம் போட்டு, சொட்டுக் கழிவும் ஆற்றில் விடக்கூடாது என்றது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்புறமும் நிற்கவில்லை என்றதும், 2011 ஜனவரியில் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. சுத்திகரிப்பு ஏற்பாட்டைச் செய்த பிறகுதான் பட்டறைகள் திரும்ப ஓடின.

இதெல்லாம் நமக்குக் கிடைத்த வெற்றிதான். மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. பனியன் துணியில் சாயம் ஏற வேண்டும் என்று மூட்டை மூட்டையாக உப்பைக் கரைத்து இருபது வருசம் ஆற்றில் விட்டார்களே, அந்த உப்பு எங்கே போனது? ஆவியாகிப் போகுமா? கழிவை நிறுத்தியது வேறு, மண்ணைச் சுத்தம் செய்தது வேறு. முதலாவதுக்கு உத்தரவு வந்தது. இரண்டாவதுக்கு, ஒவ்வொருவர் காட்டிலும் என்ன மிச்சம் கிடக்கிறது என்ற கணக்கே நம் கையில் இல்லை.

பன்னிரண்டு இருக்கிறது, பதின்மூன்றாவது இல்லை

மண்வள அட்டைத் திட்டத்தை மத்திய அரசு 2015 பிப்ரவரியில் தொடங்கியது. அதில் பார்ப்பது பன்னிரண்டு விசயம். தழை, மணி, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். அதோடு கார அமில நிலை, உப்பின் அளவு, அங்கக கார்பன். உரம் எவ்வளவு போடலாம் என்று தெரிந்துகொள்ள இது உபயோகம். குறை சொல்லவில்லை.

ஆனால் ஈயம் இருக்கிறதா? குரோமியம்? காட்மியம்? நிக்கல்? அட்டையில் அந்த வரியே கிடையாது. உப்பு எவ்வளவு என்று ஒரு எண் இருக்கும். அந்த உப்பில் சோடியம் எவ்வளவு என்பது இருக்காது. இன்னொன்றும் இருக்கிறது. பாசன நிலத்தில் இரண்டரை எக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் பத்து எக்டேருக்கு ஒரு மாதிரி என்று கட்டம் போட்டு எடுத்தார்கள். அதாவது ஆறு ஏக்கருக்கு ஒரு பிடி மண். ஒன்றரை ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கிற நமக்கு, பக்கத்துக் காட்டுக்காரர் மண்ணைப் பார்த்துவிட்டு நம் பெயரில் அட்டை வந்திருக்கலாம். அண்ணனுக்கு ரத்தம் எடுத்துத் தம்பிக்கு மருந்து கொடுத்த மாதிரி!

தெரியாமல் வைத்தியம் செய்தால்?

நம் சங்க உறுப்பினர் ஒருவர். மஞ்சள் போட்டார். மூன்றாம் மாதம் இலை ஓரம் கருக ஆரம்பித்தது. மருந்துக் கடையில் கேட்டார். நுண்ணூட்டம் என்றார்கள், வாங்கி அடித்தார். வேர்ப்பூச்சி என்றார்கள், அதற்கும் ஊற்றினார். கடன் வாங்கி உரத்தை இன்னும் ஒரு பங்கு சேர்த்துப் போட்டார். கடைசியில் தெரிந்தவர் ஒருவர் சொல்லி, கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுபோய்ப் பார்த்தால் முழுக்க உப்பு. உப்பு மண்ணில் மேலும் உரம் போட்டது, எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றிய கதை. மஞ்சள் உப்பைத் தாங்காத பயிர். முதலிலேயே தெரிந்திருந்தால் அந்த வருசம் மஞ்சளே வைத்திருக்க மாட்டார். அவர் ஏமாளி இல்லைங்க. அவருக்குச் சொல்ல ஆள் இல்லை.

வியாதிக்குத் தகுந்த வைத்தியம் வேண்டும். மண்ணில் சோடியம் ஏறியிருந்தால், மழை பெய்தால் பசை மாதிரி ஒட்டும், வெயில் அடித்தால் கல்லாகிவிடும், தண்ணீர் கீழே இறங்காது. அதற்கு ஜிப்சம் போட்டு, அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்தால் சோடியத்தை வெளியே தள்ளி, நல்ல தண்ணீரில் அலசி வடிக்க வேண்டும். சோடியம் அதிகமில்லாமல் வேறு உப்பு மட்டும் என்றால் ஜிப்சம் போட்டு பிரயோசனமில்லை. அலசி வடிப்பதுதான் வழி. ஈயம், காட்மியம் மாதிரி கன உலோகம் என்றால் இந்த இரண்டுமே கேட்காது. அலசினாலும் போகாது. அந்த நிலத்தில் எதை விளைவிக்கலாம், எதைக் கூடாது என்று பார்த்துத்தான் வெள்ளாமை செய்ய வேண்டும். கீரை வகை காட்மியத்தை அதிகமாக இழுக்கும். அந்தக் கீரையை நம் வீட்டுக் குழந்தைதானே சாப்பிடுகிறது?

மூன்று வியாதிக்கும் பார்வைக்கு அடையாளம் கிட்டத்தட்ட ஒன்றுதான். இலை கருகும், பயிர் குன்றும், விளைச்சல் விழும். எது என்று சோதனைதான் சொல்ல முடியும். கன உலோகத்துக்குத் தனியார் ஆய்வகத்தில் பார்க்கப் போனால் ஒரு மாதிரிக்கே ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். மண்ணும் பார்த்து, கிணறும் பார்த்து, போரும் பார்த்தால் ஒரு சின்ன விவசாயி எங்கே போவான்?

லாஸ் ஏஞ்சலஸுக்கு ஒரு நியாயம், கொடுமுடிக்கு ஒரு நியாயமா?

2025 ஜனவரியில் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பெரிய காட்டுத்தீ வந்து ஆயிரக்கணக்கான வீடுகள் எரிந்தன. பழைய வீட்டுப் பெயின்ட்டில் இருந்த ஈயம் சாம்பலோடு பறந்து, எரியாமல் தப்பித்த வீடுகளின் வாசல் மண்ணிலும் விழுந்தது. இடிபாடுகளை அள்ளிய பிறகு மண்ணைச் சோதிக்க அங்கே உள்ள மத்திய அரசு மறுத்துவிட்டது. ஜனங்கள் விடவில்லை. கடைசியில் அந்த மாவட்ட நிர்வாகமே பணம் ஒதுக்கி, ஆல்டடீனா பக்கத்து வீட்டுக்காரர்கள் மண்ணைக் கொண்டுவந்து கொடுத்தால் ஈயம் இருக்கிறதா என்று இலவசமாகப் பார்த்துச் சொல்ல ஏற்பாடு செய்தது.

அங்கே வாசலில் பூச்செடி வைக்கிற மண்ணுக்கே அந்த உரிமை. இங்கே ஊருக்கே சோறு விளைகிற மண் கிடக்கிறது. அங்கே தீ வைத்தது யார் என்று விசாரிக்க வேண்டியிருந்தது. இங்கே நொய்யலைக் கெடுத்தது எது என்று கோர்ட்டே சொல்லிவிட்டது!

சட்டம் நம் பக்கம்தான்

1996-இல் வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு விசயத்தைச் சொன்னது. ஒன்று, கெடுத்தவன்தான் செலவு செய்து சரிசெய்ய வேண்டும். இரண்டு, 'என் தொழிலால் கெடுதல் இல்லை' என்று நிரூபிக்க வேண்டியது தொழில் நடத்துபவனின் பொறுப்பு. அப்படி இருக்க, கெட்டது என்று நிரூபிக்க நாம் ஏன் பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, கைக்காசு செலவழித்து ஊர் ஊராக அலைய வேண்டும்?

2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்களுக்கு என்றே தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ, சந்தேகப்படும் இடங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் கொடுக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதற்கட்ட ஆய்வு செய்ய வேண்டும். மாசு உறுதியானால் பொறுப்பாளி யார் என்று கண்டுபிடித்து, சுத்தம் செய்யும் செலவை அவரிடம் வாங்க வேண்டும். பட்டியலில் பெயர் ஏறினால்தான் இதெல்லாம் நடக்கும். நாம் கேட்காமல் நம் ஊர்ப் பெயரை யாரும் தானாக எழுதப்போவதில்லை.

'நிலம் விலை போகாதே' என்கிற பயம்

நம்மவர்களே சிலர் கேட்கிறார்கள். "ஏனுங்க, சோதனை பண்ணி நஞ்சுன்னு எழுதிக் குடுத்துட்டா, நிலத்தை யாரு வாங்குவா? பேங்க்குல கடன் குடுப்பானா? நம்ம தேங்காயை வியாபாரி எடுப்பானா?" நியாயமான பயம். பொண்ணு கல்யாணத்துக்கு என்று ஒரு ஏக்கரை நம்பி இருப்பவருக்கு இது சின்ன விசயம் இல்லை. இதைக் கேட்டவர்களை நாங்கள் கோழை என்று சொல்ல மாட்டோம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். நிலம் பார்க்க வருகிற புரோக்கர் கையில் இப்போதே உப்பு பார்க்கிற மீட்டர் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுகிறார். வாங்குகிறவனுக்குத் தெரியும், விற்கிறவனுக்குத் தெரியாது என்றால் நட்டம் யாருக்கு? கையில் அரசாங்கச் சீட்டு இல்லாதவன் நட்டஈடும் கேட்க முடியாது, ஜிப்சமும் கேட்க முடியாது, நல்ல குடிநீரும் கேட்க முடியாது. மூடி வைத்தால் வியாதி ஆறாது. அதனால்தான் கோரிக்கையில் ஒரு பாதுகாப்பையும் சேர்த்திருக்கிறோம்.

நம் கோரிக்கைகள்

1. நொய்யல், காலிங்கராயன் பாசனக் கிராமங்களிலும், சாய, தோல், ரசாயனத் தொழிற்சாலை சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் ஒவ்வொரு புல எண்ணுக்கும் மண், கிணறு, போர் மூன்றையும் அரசே இலவசமாகச் சோதிக்க வேண்டும்.

2. சத்து மட்டுமல்ல, சோடியமும் கன உலோகங்களும் பார்க்க வேண்டும். குடியிருக்கும் வீட்டு வாசல் மண்ணையும் குடிதண்ணீரையும் விட்டுவிடக் கூடாது.

3. முடிவைத் தமிழில், என்ன செய்ய வேண்டும் என்ற யோசனையோடு விவசாயி கையில் கொடுக்க வேண்டும். தனிப்பட்டவர் முடிவு அவருக்கு மட்டும். ஊர் மொத்தக் கணக்கைக் கிராம சபையில் வைக்க வேண்டும். முடிவைக் காரணம் காட்டிப் பயிர்க்கடனை மறுக்கக் கூடாது.

4. செலவை அரசு முதலில் ஏற்று, கெடுத்தவர்களிடம் வசூலிக்க வேண்டும்.

5. கெட்ட நிலத்துக்கு ஜிப்சமும் வடிகால் வசதியும் தர வேண்டும். நட்டஈட்டை இந்த முடிவை வைத்துக் கணக்கிட வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

வருகிற கிராம சபையில் நம் ஊரைச் சந்தேகப் பட்டியலில் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். தீர்மான நகலை வாங்காமல் எழுந்து வராதீர்கள். கலெக்டர் ஆபீஸ் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஊருக்கு ஒரு மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.

மண் எடுக்கத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன்னால், வெள்ளாமை இல்லாதபோது எடுக்க வேண்டும். வரப்போரம், எருக்குழி, மரத்தடியில் எடுக்கக் கூடாது. பத்துப் பதினைந்து இடத்தில் அரை அடி ஆழத்துக்கு 'வி' மாதிரி வெட்டி, ஓரத்து மண்ணைச் சீவி எடுத்துக் கலந்து, அரைக் கிலோ வைத்துக்கொள்ளுங்கள். தென்னந்தோப்பு என்றால் ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி என்று தனித்தனியாக. துருப்பிடித்த கருவியும் உரச்சாக்கும் வேண்டாம், கணக்குத் தப்பும். தண்ணீர் என்றால் மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் பிடியுங்கள். புல எண், தேதி எழுதி ஒட்டுங்கள்.

பெரியவர்களே, தாய்மார்களே, இளைஞர்களே! 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் மின்கட்டணத்தில் ஒரு பைசா குறைக்கச் சொல்லிக் கேட்ட மூன்று விவசாயிகள் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். இன்றைக்கு நம் கிணற்று மோட்டார் இலவச மின்சாரத்தில் ஓடுகிறது என்றால் அது யாரும் போட்ட பிச்சை இல்லை. அந்த மோட்டார் இறைக்கிற தண்ணீரில் என்ன இருக்கிறது என்று கேட்பது அந்தப் போராட்டத்தின் மிச்சம்தான். அதை நாம்தான் முடிக்க வேண்டும்.

மாதிரி மண்ணோடும் ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரோடும் கலெக்டர் ஆபீஸ் வாசலில் எல்லோரும் நிற்போம். பார்த்துச் சொல்லும்வரை கேட்போம்!

கெடுத்தவன் கட்டட்டும்! அரசு அளக்கட்டும்!
மண் காப்போம்! மக்கள் காப்போம்!
உழவர் ஒற்றுமை ஓங்குக!

இப்படிக்கு,
கொடுமுடி வட்டார விவசாயிகளுக்காக,
சங்கச் செயலாளர்