லேபிளில் சின்ன எழுத்தைப் படியுங்கள்

“எங்கள் மேலாளர் அடுத்த மாதம் பணி ஓய்வு பெறுகிறார். அவருக்குப் பர்கண்டி ஒயின் என்றால் உயிர். ஆறு பேர் சேர்ந்து 150 வெள்ளி போட்டிருக்கிறோம். எதை வாங்குவது?” என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ‘எங்களில் யாருக்கும் ஒயினைப் பற்றி ஒன்றும் தெரியாது’ என்று பின்குறிப்பு வேறு.

150 வெள்ளி சின்னத் தொகை இல்லை. பர்கண்டியில் அந்தத் தொகைக்கு, வாங்கியவரை ஆண்டு முழுவதும் நினைத்துப் பார்க்க வைக்கும் ஒயினும் கிடைக்கும். தண்ணீராய்ப் புளிக்கும் ஒயினும் கிடைக்கும். இரண்டு போத்தல்களிலும் ஒரே ஊர்ப் பெயர், ஒரே ஆண்டு, ஏறத்தாழ ஒரே விலை. கடையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பிரான்சின் வேறு எந்த ஒயின் வட்டாரமும் வாங்குபவரை இவ்வளவு சோதிப்பதில்லை. ஏன் என்று புரிந்துகொண்டால் பாதிப் பணம் மிச்சம்.

பர்கண்டி, பிரான்சின் கிழக்குப் பகுதியில் இருக்கிறது. லேபிளில் பிரெஞ்சுப் பெயர்தான் இருக்கும். அதை ‘பூர்கோஞ்’ என்று சொல்ல வேண்டும். ஆங்கிலம்போல் படித்தால் நாக்கு தடுக்கும். பெரும்பாலும் சிவப்பு என்றால் பினோ நுவார் திராட்சை, வெள்ளை என்றால் ஷார்டொனே. இதன் இதயப் பகுதி கோட் டோர் என்ற சரிவு. நீளம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அகலம் பல இடங்களில் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. நம் தீவைப் போல் நீளமாக ஒரு கோடு. உலகமே சண்டை போட்டுக்கொண்டு வாங்கும் ஒயின் அந்தக் கோட்டிலிருந்துதான் வருகிறது.

போர்தோவில் 1855ஆம் ஆண்டு தரவரிசை போட்டபோது பண்ணைகளுக்கு மதிப்பெண் கொடுத்தார்கள். பர்கண்டியில் மதிப்பெண் மண்ணுக்கு. கீழ்ப்படியில் வட்டாரப் பெயர் மட்டும் உள்ள ‘பூர்கோஞ்’. அதற்கு மேல் ஊர்ப் பெயர் தாங்கியது. அதற்கும் மேல் ‘பிரெமியே க்ரூ’, அதாவது முதல் தரத் தோட்டம். உச்சியில் ‘கிரான் க்ரூ’. மொத்தம் 33 கிரான் க்ரூ பெயர்கள் உள்ளன. பர்கண்டியின் உற்பத்தியில் அவற்றின் பங்கு 1 விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கும்.

இதுவரை எளிது. சிக்கல், நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தால் வருகிறது: பாகப்பிரிவினை.

க்ளோ த வூஜோ என்று ஒரு கிரான் க்ரூ. 12ஆம் நூற்றாண்டிலிருந்து சிஸ்டர்சியன் துறவிகள் சிறுகச் சிறுகச் சேர்த்து, சுற்றிலும் கல் மதில் எழுப்பி வளர்த்த தோட்டம். ஏறத்தாழ 50 ஹெக்டர். பிரெஞ்சுப் புரட்சியின்போது அரசு அதைப் பறித்து விற்றது. பிறகு 1804ஆம் ஆண்டின் நெப்போலியன் சட்டத் தொகுப்பு, சொத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம பங்கு என்றது. பர்கண்டி முழுவதும் தோட்டங்கள் தலைமுறைக்குத் தலைமுறை துண்டாகின. வூஜோ மட்டும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்து, 1889இல் பல கைகளுக்குப் பிரிந்தது. இன்று அந்த ஒரே மதிலுக்குள் ஏறத்தாழ 80 உரிமையாளர்கள். சிலருக்குச் சில வரிசைக் கொடிகள்தான் சொந்தம்.

எண்பது பேரும் கொடியை ஒரே மாதிரி கத்தரிப்பதில்லை, ஒரே நாளில் பறிப்பதில்லை. ஒருவர் கொத்துகளைக் குறைத்து மணத்தைக் கூட்டுவார்; இன்னொருவர் கிடைப்பதை எல்லாம் பறித்து ஊற்றுவார். நிலமும் ஒன்றல்ல. மேல்பகுதியில் தண்ணீர் நன்றாக வடியும். கீழே நெடுஞ்சாலையோரம் களிமண் கனம், ஈரம் தேங்கும். ஆனாலும் எல்லாப் போத்தலிலும் பெரிய எழுத்தில் ‘க்ளோ த வூஜோ, கிரான் க்ரூ’ என்றே இருக்கும். எந்த மூலையிலிருந்து வந்தது என்பது லேபிளில் இராது.

அப்படியானால் வேறுபாட்டைச் சொல்வது எது? அடியில், பல நேரம் சின்ன எழுத்தில் இருக்கும் பெயர். ஒயினைச் செய்தவரின் பெயர். பர்கண்டி வாங்கும்போது கண் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். பிரபலத் தோட்டத்தின் பெயரைப் போட்டு ஒரு சோம்பேறி செய்த ஒயினைவிட, கவனமான ஒருவர் செய்த கடைசிப்படி ‘பூர்கோஞ்’ எனக்கு எத்தனையோ மேல். விலையும் மூன்றில் ஒரு பங்குதான்.

ஊர்ப் பெயர்களிலும் ஒரு பொறி உண்டு. ஜெவ்ரே என்ற ஊர், 1847இல் தன் மிகச் சிறந்த தோட்டமான ஷாம்பர்த்தானின் பெயரைத் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டு ஜெவ்ரே-ஷாம்பர்த்தான் ஆனது. மாப்பிள்ளை, மாமனார் பட்டத்தைப் போட்டுக்கொண்ட கதை. புலினி என்ற ஊரும் 1879இல் இதையே செய்து புலினி-மோன்ராஷே ஆயிற்று. ஆகவே வெறும் ‘ஷாம்பர்த்தான்’ என்றால் கிரான் க்ரூ. ‘ஜெவ்ரே-ஷாம்பர்த்தான்’ என்றால் அந்த ஊரின் எந்த மூலையிலிருந்தும் வந்திருக்கலாம். பெயர் சுருங்கினால் விலை ஏறும் என்று விதி வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், ‘ஷார்ம்-ஷாம்பர்த்தான்’ என்று நடுவில் கோடு போட்ட கிரான் க்ரூ ஒன்று குறுக்கே நிற்கிறது. அதனால் ‘கிரான் க்ரூ’ என்ற சொற்களையே தேடுங்கள். இல்லையென்றால், அது ஊர் ஒயின் என்று வைத்துக்கொண்டு விலையைப் பாருங்கள்.

செய்தவரின் பெயருக்கு முன்னால் ‘தொமேன்’ என்று இருந்தால், தம் பொறுப்பில் உள்ள தோட்டத்தின் திராட்சையில் அவரே செய்தது என்று பொருள். ‘மேசோன்’ என்றால் வணிக நிறுவனம். மற்றவர்களிடமும் திராட்சையோ ஒயினோ வாங்கித் தம் பெயரில் அடைப்பார்கள். தொமேன் என்றால் உயர்வு, மேசோன் என்றால் மட்டம் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1859இல் தொடங்கிய லூயி ஜாடோ, 1880இல் தொடங்கிய ஜோசப் துரூவான் போன்ற நிறுவனங்கள் சொந்தத் தோட்டங்களும் வைத்திருக்கின்றன. அவற்றின் சாதாரண ஒயின்கூட முகத்தைச் சுளிக்க வைக்காது. கவனிக்க வேண்டியது வேறு வகை: எங்கும் கேள்விப்படாத நிறுவனப் பெயர், பளபளக்கும் லேபிள், பிரபல ஊர்ப் பெயர், சந்தேகப்படும் அளவுக்குக் குறைந்த விலை. நான்கும் ஒன்றாக வந்தால் நகர்ந்துவிடுங்கள்.

செய்பவரின் கை எவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்த ஊரிலேயே ஓர் ஆண்டு விழா உண்டு. போன் என்ற நகரில் (ஆம், தொலைபேசிதான் நினைவுக்கு வரும்) 1443இல் தொடங்கிய அறக்கட்டளை மருத்துவமனை ஒன்று இருக்கிறது. பல நூற்றாண்டுகளாகப் பலர் அதற்குத் திராட்சைத் தோட்டங்களை எழுதிவைத்தார்கள். 1859 முதல் அந்த ஒயினை ஏலம் விடுகிறார்கள். இப்போது நவம்பர் மாதத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. அப்போது ஒயின் சில வாரக் குழந்தை. பீப்பாயாக வாங்குபவர்தான் அதை வளர்த்து, நேரம் பார்த்துப் போத்தலில் அடைக்க வேண்டும். ஒரே தொட்டியிலிருந்து பிரிந்த பீப்பாய்கள், வெவ்வேறு கைகளில் வெவ்வேறு ஒயினாகும். அங்கேயும் லேபிளின் அடியில் வளர்த்தவரின் பெயரைப் பார்க்க வேண்டியதுதான்.

இனி 150 வெள்ளி. கிரான் க்ரூ ஆசையை விட்டுவிடுங்கள். அந்த விலைக்குக் கிரான் க்ரூ என்று ஒன்று கிடைத்தால் அதுவே எச்சரிக்கை. ஒரே போத்தல் என்றால், நல்ல பெயருள்ள ஒருவரின் ஊர் ஒயின். என்னைக் கேட்டால் இரண்டு போத்தல் வாங்குவேன். வெள்ளைக்குச் சான் ஓபான். புலினிக்குப் பின்னால் உள்ள பள்ளத்தாக்கு, விலை அவ்வளவு ஏறவில்லை. சிவப்புக்குத் தெற்கே மெர்க்குரே அல்லது ஜிவ்ரி. ஜெவ்ரே வேறு, ஜிவ்ரி வேறு. கடையில் தெளிவாகச் சொல்லுங்கள். உங்கள் மேலாளர் உண்மையிலேயே பர்கண்டிப் பிரியர் என்றால், போத்தலைக் கையில் வாங்கியதும் ஊர்ப் பெயரைத் தாண்டி அடி வரிக்குத்தான் போவார். அங்கே நல்ல பெயர் இருந்தால், யோசித்து வாங்கியிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

‘கோத்தோ பூர்கிஞோன்’ என்று எழுதிய மலிவுப் போத்தல்களும் பேரங்காடியில் இருக்கும். 2011இல் வந்த பெயர் அது. அதில் கமே என்ற வேறு திராட்சையும் இருக்கலாம். குடிக்கக் கெட்டதில்லை, ஆனால் பினோ நுவார் என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

மலிவுப் போத்தலில் இன்னொரு கணக்கும் உண்டு. சிங்கப்பூரில் ஒயினுக்கான தீர்வை, அதில் உள்ள மதுச்சாரத்தின் அளவைப் பொறுத்தது: ஒரு லிட்டர் மதுச்சாரத்துக்கு 88 வெள்ளி. 13 விழுக்காடு மதுச்சாரம் உள்ள 750 மில்லிலிட்டர் போத்தலுக்கு 8 வெள்ளி 58 காசு வரும். 25 வெள்ளிப் போத்தலுக்கும் அதே தீர்வை, 250 வெள்ளிப் போத்தலுக்கும் அதே தீர்வை. அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. 25 வெள்ளிப் பர்கண்டியில் வரி, கப்பல் கூலி, கடை வாடகை எல்லாம் போனால் திராட்சைக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த விலைக்குச் சிலி நாட்டு ஒயின் வாங்குவது புத்திசாலித்தனம்.

ஆண்டைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். 2021 ஏப்ரலில் உறைபனி கொடிகளைக் கருக்கியது. விளைச்சல் சரிந்து விலை ஏறியது. 2022 தாராளமான ஆண்டு, ஒயினும் நன்று. கடையில் இரண்டும் இருந்தால் 2022ஐ எடுங்கள். வெள்ளைப் பர்கண்டியைப் பத்தாண்டு வைத்திருக்கலாம் என்ற பழைய ஆலோசனையை நம்ப வேண்டாம். 1990களின் நடுப்பகுதி முதல் பல வெள்ளை ஒயின்கள் காலத்துக்கு முன்பே பழுப்பேறிக் கெட்டுப்போயிருக்கின்றன.

பழைய போத்தல் ஏதேனும் தனிநபரிடம் மலிவாகக் கிடைக்கிறது என்றால் இன்னும் எச்சரிக்கை. 2008இல் நியூயார்க் ஏலம் ஒன்றில், பொன்சோ குடும்பத்தின் க்ளோ சான் தெனி ஒயின், 1945 முதல் 1971 வரையிலான ஆண்டுகளின் போத்தல்கள், விற்பனைக்கு வந்தன. லோரான் பொன்சோ நேரில் போய் நிறுத்தினார். அவருடைய குடும்பம் அந்த ஒயினைச் செய்யத் தொடங்கியதே 1980களில்தான்! போத்தல்களைக் கொடுத்தவர் இந்தோனீசியாவில் பிறந்த ரூடி குர்னியாவான். 2013இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, அடுத்த ஆண்டு பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். கோடிக்கணக்கில் செலவழித்த வல்லுநர்களையே ஏமாற்றியவர். ஆறு பேர் சேர்த்த 150 வெள்ளிக்கு, விவரம் சொல்லும் ஊழியர் உள்ள கடைதான் பாதுகாப்பு. “இதைச் செய்தவர் யார்? சொந்தத் தோட்டமா?” என்று கேளுங்கள். பதில் ஊர்ப் பெயரோடு நின்றால் வேறு கடை பாருங்கள்.

விளக்கு வெளிச்சத்தில், சூடான அலமாரியில் நிற்கும் போத்தலை எடுக்காமல், குளிரறையிலிருந்து ஒன்று கேளுங்கள். மூடி ஓரத்தில் கசிந்த கறை இருந்தால் வேண்டாம். வாங்கியதை மதிய வெயிலில் காருக்குள் விட்டுவைக்காதீர்கள். பினோ நுவார் மென்மையானது. ‘அறை வெப்பநிலையில் பரிமாறவும்’ என்பது குளிர்நாட்டு அறைக்குச் சொன்னது, நம் வீவக வீட்டின் 30 டிகிரிக்கு அல்ல. சிவப்பையும் அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். வறுத்த வாத்தோடும் கோழிச் சோற்றோடும் அருமையாகப் போகும். காரமான ஆட்டுக்கறியோடு வேண்டாம், ஒயின் காணாமல் போய்விடும். விருந்து நாளன்று ஓட வேண்டாம், முதல் நாளே வாங்கிவிடுங்கள். இரவு 10.30 மணிக்குப் பிறகு கடைகளில் விற்க மாட்டார்கள்.