90 நிமிடம் முடிந்தும் விசில் இல்லை!
"இஞ்சுரி டைம்" இழுபறி: கணக்கைச் சொன்னால் தகராறு ஏன்?

கள்ளக்குறிச்சி,

கால்பந்து ஆட்டம் 90 நிமிடம். இப்போதோ 100 நிமிடம் ஆனாலும் நடுவர் விசில் ஊதுவதில்லை. "ஜெயிக்கிற அணியைக் கவிழ்க்கவா இந்த நேரம்?" என்கிறார்கள் ஒரு சாரார். "விழுந்து புரண்டு நேரத்தைத் தின்றால் திருப்பித் தர வேண்டாமா?" என்கிறார்கள் மறுசாரார்.

27 நிமிடம்!

சர்ச்சை சூடுபிடித்தது 2022 கத்தார் உலகக் கோப்பையில். நவம்பர் 21 அன்று இங்கிலாந்துடன் மோதிய ஈரான் கோல்கீப்பருக்குத் தலையில் பலத்த அடி. முதல் பாதியில் 14 நிமிடம், அடுத்த பாதியில் 13 நிமிடம் கூடுதலாக ஓடியது. நான்கே நாளில் அதே ஈரான், வேல்சுக்கு எதிராக 98-வது, 101-வது நிமிடங்களில் கோல் போட்டு ஜெயித்தது!

சென்னை ரசிகர்களுக்கும் இது புதுசு அல்ல. 2015 டிசம்பர் 20, ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டம். 89 நிமிடம் வரை கோவா 2-1 என முன்னிலை. 90-வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பரின் சேம்சைடு கோல். இஞ்சுரி டைமில் மெண்டோசா அடித்தார். கோப்பை சென்னையின் எப்.சி.க்கு!

எடைக்குறைவு

90 நிமிட ஆட்டத்தில் பந்து உண்மையில் உருளுவது பல ஆட்டங்களில் ஒரு மணி நேரம்கூட இல்லை. கிலோவுக்குக் காசு வாங்கி முக்கால் கிலோ போடுகிற கதைதான். காயம், ஆள் மாற்றம், கோல் கொண்டாட்டம், வேண்டுமென்றே செய்யும் தாமதம் என எல்லாவற்றையும் ஈடுகட்டச் சொல்கிறது விதி. ஆகவே அது இனாம் அல்ல, பாக்கி.

அதற்காக ஆட்டக்காரன் இரும்பா? கால் ஓய்ந்த நேரத்தில் இன்னும் 10 நிமிடம் ஓடு என்றால் காயம்தான் மிஞ்சும். மான்செஸ்டர் யுனைடெட் வீரர் வரான் 2023-ல் இதைத்தான் கண்டித்தார்.

பலகையில் எண் மட்டும்

பலகையில் "8" என்று காட்டுகிறார்கள். எதற்கு எத்தனை என்று சொல்வதில்லை. அந்த 8-ம் குறைந்தபட்சம்தான். நடுவர் நினைத்தால் கூட்டலாம், குறைக்க முடியாது. சந்தேகம் முளைப்பது இங்கேதான்.

கள்ளக்குறிச்சி பள்ளி மைதானமோ, கல்வராயன்மலை ஊர்த் திடலோ, பலகையே இல்லாத இடத்தில் நடுவரின் கைக்கடிகாரம்தான் சட்டம். ஆறு நிமிடம் கூட்டினால் ஆளைச் சுற்றி வளைத்துவிடுவார்கள். "காயத்துக்கு மூன்று, ஆள் மாற்றத்துக்கு இரண்டு, தாமதத்துக்கு ஒன்று" என்று உரக்கச் சொல்லிவிட்டால் பாதித் தகராறு தீரும்.

நேரம் கூடினால் ரசிகன் பொறுப்பான். கணக்கு தெரியாவிட்டால் பொறுக்கமாட்டான்!